வழக்கமான நாள்

பல்கலைக்கழகத்துப் பெண் ஐனுல்
தீப்பெட்டி அளவில் ஒன்றை
என் மகள் இடுப்பில் மாட்டிவிட்டுப் போனாள்.
ஏழு நாள். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம்.
பிள்ளை எத்தனை அடி வைக்கிறாள் என்று
அது எண்ணுமாம்.

கூடவே ஒரு தாள்.
வீட்டருகே பூங்கா உண்டா? உண்டு,
ஊஞ்சல் கம்பி இருக்கிறது, ஊஞ்சல் இல்லை.
நடைபாதை உண்டா?
லோங்காங் மூடியைக் கணக்கில் சேர்க்கலாமா?
திடல் உண்டா? உண்டு, பூட்டும் உண்டு,
சாவி நகராண்மைக் கழகத்தில்.
சாலையில் கனரக வாகனங்கள்
அடிக்கடி, எப்போதாவது, இல்லை.

அங்கே பேனா நின்றது.
கனரக வாகனம் நான்தான்.

பகாவ் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறேன்.
எங்கள் தாமான் நடுவே புகுந்து போனால்
நடைக்குப் பதினோரு நிமிடம் மிச்சம்.
மிச்சமெல்லாம் சேர்ந்து
சாயங்காலம் ஆறாவது நடை ஆகும்.
ஆறாவது நடைக் காசில்தான்
லோகஷினிக்கு ஓட்டச் சப்பாத்து வாங்கினேன்.
பெட்டிக்குள் இருக்கிறது,
இன்னும் வெள்ளையாக.

ஞாயிறு, இரண்டாயிரத்து நூறு.
திங்கள், பள்ளி பஸ் வாசலில் ஏற்றி
வாசலில் இறக்கியது. மூவாயிரம்கூட இல்லை.
செவ்வாய், இருபத்தாறாயிரம்.
கோமளா பயந்தே போனாள்.
மகள் அதைக் கழற்றி
நாய் கழுத்தில் கட்டிவிட்டிருந்தாள்.
"அதை மட்டும் யாரும்
உள்ள வான்னு கூப்பிடறதில்லையே."

வியாழன் விடிகாலை மழையில்
முனை மதகு உட்கார்ந்துவிட்டது.
ஆரஞ்சுக் கூம்புகள் வந்து
தாமானின் இரண்டு வாயையும் அடைத்தன.
என் லாரி உள்ளே, வீட்டு முன்னால்.
படிக்கட்டுப் பலகையில் உட்கார்ந்து
கோப்பி ஆறும்வரை முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

மதியம் பள்ளி பஸ் கூம்புக்கு அப்பாலேயே நின்றது.
நடந்து வந்தார்கள்.
பை வீட்டுக்குள் விழுந்த சத்தத்துக்குப் பிறகு
யாரும் நடக்கவில்லை.
ஹஃபிஸிடம் ஒரு பந்து.
தர்வினிடம் பிரேக் இல்லாத சைக்கிள்.
பன்னிரண்டாம் நம்பர் மெய் லின்
செங்கல் துண்டால் தாரின் குறுக்கே
ஒரு கோடு இழுத்தாள். தொடக்கம்.
முடிவு, என் லாரியின் பின்சக்கரம்.

மகள் பெட்டியைத் திறந்தாள்.

எட்டு வயதாகிறது,
அவள் ஓடி நான் பார்த்ததில்லை.
முழங்கை இரண்டும் வெளியே வீச,
வாய் திறந்தபடி, கொஞ்சமும் அழகில்லாமல்
ஓடிவந்து சக்கரத்தைக் கையால் அறைந்து
திரும்பி ஓடினாள். மறுபடி வந்தாள்.
ரப்பரில் ஐந்து விரலும் ஈரமாய் விழுந்தன.

எதிர்வீட்டு வள்ளியம்மை விளக்குமாறோடு நின்று
"விழுந்து தொலையப் போவுதுங்க" என்று
கத்திக் கத்திச் சலித்து,
கடைசியில் கோட்டருகே போய்
ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்ல ஆரம்பித்தாள்.
மூணு சொல்லுமுன் ஓடியவனைத் திரும்ப அழைத்தாள்.
அந்தியில் கொசு வந்தது. யாரும் போகவில்லை.

பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அடுத்த வாரம் ஐனுல் வந்து எண்களைப் பார்த்தாள்.
செவ்வாயைச் சொன்னோம்.
சிரித்துக்கொண்டே அடித்தாள்.
பேனா வியாழனுக்கும் போனது.
"இதுவும் நாய்தானே, அங்கிள்?"
"இல்ல. இது பிள்ளை."
மதகு, கூம்பு, லாரி எல்லாம் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டாள், நல்ல பெண்.
வழக்கமான நாள்தான் கணக்காம்.
வியாழன் மேல் சின்னதாய் ஒரு குறி போட்டு
தாளை மடித்தாள்.

மதகு சரியாகிவிட்டது.
இன்று ஆறாவது நடை. ஐந்தே முக்கால்.
தாமான் முனையில் கியரைக் குறைக்கிறேன்.
"லாரீ!" என்று ஒரு குரல்.
லோங்காங் ஓரம் ஒதுங்குகிறார்கள்,
பழகிய வரிசையில், சின்னது முதலில்.
செங்கல் கோடு பாதி அழிந்திருக்கிறது,
மீதியின் மேல் முன்சக்கரம் ஏறுகிறது.

லோகஷினி பந்தை வயிற்றோடு அணைத்து நிற்கிறாள்.
கை காட்டவில்லை.
உதடு மட்டும் அசைகிறது.
நான் கடந்துபோக எத்தனை நொடி என்று
எண்ணிக்கொண்டிருக்கிறாள்.