நீர்மட்டம்

மாரிபோரில், ஒரு சைக்கிள் பட்டறைக்குக் கீழே
நிலவறையில் வைத்திருந்தோம் அதை.
ஏதோ ஒரு வங்கி கழித்துக்கட்டிய இரண்டு சர்வர்கள்,
ஈரத்துக்குப் பயந்து செங்கல் மேல் ஏற்றியவை.
ப்ளாஷ், ஸ்டென்கா, யெர்னே, நான்.
சம்பளம் கிடையாது. மின்கட்டணத்துக்கு ஒரு ஜாம் பாட்டில்.
அதில் யார் எவ்வளவு போட்டார் என்று
யாரும் பார்க்காத காலம்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்களிடம் குடியிருந்தார்கள்.
ஒரு பாடகர் குழு, தேனீ வளர்ப்போர் சங்கம்,
விவாகரத்தான ஒருவர் மகளுக்கு எழுதிய கடிதங்கள்,
மகளுக்கு முகவரி தெரியுமோ என்னவோ.
பிறகு ஹெர்மினா.
பாலத்தூணில் தீட்டிய அளவுகோலைப் பார்த்து
தினமும் காலை திராவா ஆற்றின் உயரம்.
ஒரு தேதி, ஓர் எண், வேறொன்றும் இல்லை.
பதினோரு வருடம்.
அப்புறம் மூன்று வருடம் மௌனம்.

பிப்ரவரியில் வட்டு நிரம்பியது.
வராதவர்களை அழித்துவிடலாம் என்றான் ப்ளாஷ்.
வராதவர்கள் என்றால் இல்லாதவர்களா என்றாள் ஸ்டென்கா.
கல்லறைக்கு வாடகை கட்ட முடியாது என்றான்.
புது வட்டு எண்பது யூரோதான் என்றாள்.
யார் தருவது என்றான் யெர்னே.
அன்றுதான் முதல்முதலாக
எல்லோரும் ஜாம் பாட்டிலைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு பேச்சு வட்டைப் பற்றியதாக இல்லை.
நீ எப்பவும். நீ ஒருநாளும்.
போன குளிர்காலத்தில் இங்கே தண்ணீர் புகுந்தபோது
யார் வாளி தூக்கினார்,
யார் தொலைபேசியை எடுக்கவில்லை.
ஆறு வருடமாக எங்கே வைத்திருந்தார்களோ இத்தனையையும்.
அதற்கு மட்டும் இடம் போதியிருக்கிறது.

ஒரு செவ்வாய் இரவு வேறெதற்கோ உள்ளே நுழைந்தேன்.
விடிகாலை மூன்று மணிக்கென்று
ஒரு வரி எழுதிக் காத்திருந்தது.
ப்ளாஷின் கைதான், கட்டளை முடிந்த பின்னும்
ஓர் இடைவெளி கூடுதலாக விடுவான்.
அது என்ன செய்யும் என்று புரிந்தது.
மணி பதினொன்றேகால்.
வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் நின்றிருக்கும்.
ஒற்றைக் குறி.
பேசி முடிவெடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.
அப்படி நினைக்க முடிந்ததற்கு நன்றியோடு
பல் துலக்கப் போனேன்.

காலையில் அறுபத்தெட்டு பேர் இல்லை.
நகல் ஒன்று இருந்தது, அதே வட்டில்.

ஸ்டென்கா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
யாருக்கெல்லாம் தெரியும் என்று மட்டும் கேட்டாள்.
மேலே பட்டறையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்
கோணல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்குத் தெரியாது என்றான் யெர்னே. உண்மை.
நான் சர்வரின் விசிறியைப் பார்த்தேன்.
நல்ல விசிறி. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவள் சாவியைச் செங்கல் மேல் வைத்துவிட்டுப் போனாள்.
மிச்சமிருந்தவர்களில் பாதிப்பேர்
ஒரே மாதத்தில் அவள் பின்னால் போனார்கள்.
டொமைன் ப்ளாஷின் பெயரில், கணக்குப் புத்தகம் ஸ்டென்காவிடம்.
இரண்டுபேரும் இன்றுவரை தரவில்லை.
யெர்னேவுக்குத் திடீரென்று முதுகுவலி.

மே மாதம் ஹெர்மினா வந்தாள்.
கிராட்ஸில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம்,
அவர் இறந்துவிட்டார், திரும்பிவிட்டாள்.
பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள்.
அங்கே திராவா இல்லையே, மூர் ஆற்றை அளந்திருக்கிறாள்.
அதுவும் கீழே போய் இதில்தானே விழுகிறது என்றாள்
கொஞ்சம் வெட்கத்துடன்.
பழைய எண்களுக்கு அடியில்
இவற்றைச் சேர்க்க முடியுமா?

நிலவறையில் நான் மட்டும்தான்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
சொல்ல வேண்டியதைச் சொன்னேன், என் பங்கைத் தவிர.
அவள் நோட்டை மூடவில்லை.
நேரம் கழித்துக் கேட்டாள்:
அப்போ இதுதான் முதல் எண்ணா?

அவள் வாசிக்க நான் தட்டச்சு செய்தேன்.
ஐம்பதாவதோ என்னவோ, அந்த இடத்தில்
என் பங்கையும் சொல்லிவிட்டேன்.
நிறுத்தினாள்.
விசிறி ஓடியது.
பிறகு, நூற்று முப்பத்தொன்று, என்றாள்.
போன வரியில் தேதி தப்பு.