திருத்திய படம்

"பட்ஜெட்டைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க" என்றார்
மஸ்கட்டிலிருந்து வந்த கலிவரதன்.
பதினோரு வருடமாக வீடு வரைகிறேன்
மஞ்சக்குப்பத்தில், ஆதிமூலம் சார் ஆபீஸில்.
அந்த வாக்கியத்தைக் கேட்டது
அதுதான் முதல் தடவை.

சார் சாப்பிடப் போனதும்
புதுக் கோப்பு ஒன்று திறந்தேன்.
கறுப்புத் திரை.
கவலைப்படாதே என்றேன் அதனிடம்.

முதலில் தரையை உயர்த்தினேன்.
கெடிலம் உள்ளே வந்த வருடம்
எங்கள் வாடகை வீட்டு அலமாரியில்
மூன்றாம் தட்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது.
வீட்டுக்காரர் இன்னும் வெள்ளையடிக்கவில்லை,
அளவெடுக்க வசதி.
கோட்டுக்கு மேலே ஒரு சாண்
அதற்கும் மேலே ஒரு சாண்.
எத்தனை லோடு கிராவல் என்று
கை தன்னால் கணக்குப் போட ஆரம்பித்தது.
கையை ஒரு தட்டுத் தட்டினேன்.

வாசல் கதவு வெளிப்பக்கம் திறக்கும்.
வாஸ்து தெரிந்தவர்கள் சிரிக்கட்டும்.
மிதந்து வந்த கட்டில்
உள்ளே திறக்கிற கதவில் முட்டிக்கொண்டு நின்ற ராத்திரி
அவர்கள் யாரும் எங்களோடு இல்லை.

தெற்கில் ஜன்னல் கிடையாது.
தென்றலைப் பற்றி நல்லதாய்ச் சொன்னவர் எவரும்
சிப்காட்டுக்கு வடக்கே குடியிருந்ததில்லை.
கிழக்கே ஏழு ஜன்னல், கடல் காற்றுக்கு.
கடல் மட்டும் மூன்று கிலோமீட்டர் தள்ளியே இருக்கட்டும்.
பழக்கம் உண்டு, நம்பிக்கை இல்லை.

சமையல் மேடை இரண்டடி ஐந்தங்குலம்.
ஊருக்கெல்லாம் இரண்டடி பத்து போடுவோம்.
நான் நாலடி ஒன்பது.
கல்யாணம் ஆனதிலிருந்து
நுனிக்காலில் நின்றுதான் குக்கரை மூடுகிறேன்.

அப்புறம் ஆணி அடிக்க ஒரு சுவர்.
முழுச் சுவர், யாரையும் கேட்காமல் அடிக்க.
எதை மாட்டுவது என்று யோசிக்கவில்லை.

எல்லாம் போட்டு உத்தேசக் கணக்கெடுத்தால்
எண்பத்தேழு லட்சம் மீதி.
பயமாகிவிட்டது.
மாடியில் ஓர் அறை வரைந்து
பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டேன்.
கோபம் வந்தால் போய் உட்காரலாம்.
இப்போது குளியலறைக்குத்தான் போகிறேன்,
கோபம் பாதியில் நிற்கும்போதே
மூன்று குடித்தனமும் மாறி மாறிக் கதவைத் தட்டும்.

"அட, கலிவரதனுக்கா? நல்லா வந்திருக்கே"
பின்னால் ஆதிமூலம் சார், கையில் வாழைப்பழத்தோடு.
ஆமாம் என்றது என் வாய்.

கலிவரதனுக்குப் பிடித்தது.
அவர் வீட்டம்மாவுக்கு அதைவிட.
கதவு ஃபாரின் ஸ்டைல் என்றார்கள்.
ஆணிச் சுவரில் டைல்ஸ்.
பெயரில்லாத அறையில்
ஹோம் தியேட்டர் என்று எழுதச் சொன்னார்கள்,
எழுதினேன்.
"தெக்கால ஜன்னல் வைக்கலன்னா தென்றல் வராதேம்மா?"
வராது சார் என்றேன்.
அளவில் ஒன்றே ஒன்று மாற்றம்.
அந்த அம்மா நல்ல உயரம்,
மேடை மூன்றடி வேண்டும்.

மாசியில் புதுப்பாளையத்தில்
மேடைக்குக் கடப்பாக் கல் ஏற்றிய அன்று
அளவு பார்த்துவர அனுப்பினார் சார்.
கொத்தனார் அஞ்சாபுலி டீ குடிக்கப் போயிருந்தார்.
டேப்பை நான் எடுக்கவேயில்லை.
பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.
குதிகால் இரண்டும் தரையில் இருக்க
உள்ளங்கைகள் கல்லின் மேல் போய்ப் படுத்துக்கொண்டன.

திருத்திய படம் தன் கைக்கே வரவில்லை என்றார் அஞ்சாபுலி.
அனுப்பினேன் என்றுதான் நினைவு.

சிமெண்ட் இன்னும் ஈரம்.
காயட்டும்,
சாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.