கதியால்

மெழுகிலிருந்து நாலு மைக்ரோன் தடிப்பில்
சீவி எடுத்தேன் அவளை.
1147. மூதூர். வயது நாற்பத்தொன்று. இடது மார்பு.
வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீவி
கண்ணாடியில் ஏந்தினேன்.
ஊதா, இளஞ்சிவப்பு:
மழை விட்ட அந்தியில் உட்துறைமுகம் இப்படித்தான் என்று
வேலைக்கு வந்த வருடம் சொல்லித் திரிந்தேன்.
இப்போது சொல்வதில்லை.

பாற்குழாய் ஒரு வளவு.
உள்ளே பெருகிவிட்டார்கள், நெருக்கியடித்து,
நடுவில் சிலர் மூச்சின்றிச் செத்தும்.
ஆனாலும் சுற்றிவர வேலி நின்றது,
தலைமயிரை நூறாய்ப் பிளந்தால்
ஒரு பங்கு வருமே, அந்தத் தடிப்பில்.

மஹ்றூப் டொக்டர் கண்ணாடியை நகர்த்தினார்.
"இந்த இடத்தைப் பார், லலிதாம்பிகை."

ஒரு கதியால் இல்லை.

முறிந்ததல்ல, அரிக்கப்பட்டது.
கோட்டையடி மான்கள் இரவில் இறங்கி வந்து
எங்கள் பூவரசை மொட்டையாக்குமே, அப்படியா என்றேன்.
மான் வெளியாள், என்றார்.

இது வீட்டாள்.
பதின்மூன்று வயதில் மார்பு முளைத்தபோது
குழாய் கிளைவிட மண்ணை இளக்கிக் கொடுத்த நொதியம்.
கடைசிப் பிள்ளை பால் மறந்ததும்
பால்வீட்டைப் பிரித்து அடுக்கி வைத்ததும் இதுதான்.
நடுவில் ஒரு துளி நாகம் பொருத்திய கத்தரி
(பாம்பல்ல, கூரைத் தகரத்தில் பூசுகிற நாகம்).
வேலை முடிந்தால் வாயைக் கட்டிவைக்க
காவல் புரதமொன்றும் கூடவே இருந்தது.

இந்த முறை கூப்பிட்டது யார்?
உள்ளேயிருந்து ஏதோ ஒரு முணுமுணுப்பு.
அடுத்த வளவில் நார் நெய்கிற கலம்
பழைய பழக்கத்தில்
கத்தரியை வேலிக்கு மேலால் நீட்டியிருக்கிறது.
புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் உண்டு.
அறிக்கையில் ஒரு வரி:
நுண் ஊடுருவல், ஒரு மில்லிமீற்றருக்கு உள்ளே.

"எதற்கும் இன்னும் ஆழமாக வெட்டு."

பன்னிரண்டு வெட்டினேன்.
ஆறாவதில் கரண்ட் போனது, ஜெனரேற்றர் இருமிக்கொண்டு வந்தது.
பதினொன்றில் வேலி முழுசு.
மற்றதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்,
தூசியாக இருக்கட்டும் என்று.

யன்னலடியில் ஒரு பெண்
பிளாஸ்ரிக் உறையை மார்போடு அணைத்தபடி.
"றிஸ்மியா எண்டு கூப்பிட்டீங்களா, மிஸ்?"
நான் கூப்பிடவில்லை.
முடிவைச் சொல்கிற ஆளும் நானில்லை.
டொக்டர் கூப்பிடுவார், இருங்கள் என்றேன்.

"நாலு மணி பஸ் கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன்.
மணி அப்போது இரண்டரை.
அது ஒன்றாவது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.