மூன்றாம் விரல்

பல் செட் செய்கிறவள் நான்,
ஹோலியோக்கில், மூடிப்போன காகித ஆலைக்குப் பின்னால்.
இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வாய்க்குள்
பொய்யை உட்காரவைத்துக் கூலி வாங்குகிறேன்.
அதனால் லியோபோல்ட் டுகெட் தன் கொட்டகையில்
போர்வையை விலக்கி
"இருபது கோடி வருஷம், அம்மா" என்றபோது
நான் கல்லைப் பார்க்கவில்லை,
அவர் நகங்களைப் பார்த்தேன்.
சுத்தமாக இருந்தன.
அது எதையும் நிரூபிக்காது.

மார்ச் மாதம். வெளியே ஆற்றில்
பனிப்பாளங்கள் முட்டிக்கொண்டு போகிற சத்தம்.
உள்ளே செங்கல் நிறத்தில் ஒரு பலகைக்கல்,
அதில் மூன்று விரல் பதிந்த ஒரு பாதம்,
என் கையை விரித்து வைத்தால் சரியாக இருக்கும்.
ஆயிரத்து நானூறு டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தது.

விளக்கை அணைக்கச் சொன்னேன்.
டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து
ஒளியைக் கல்லின்மேல் படுக்கவைத்தேன்.
நேர்வெளிச்சம் முகஸ்துதி பேசும்,
சாய்ந்த வெளிச்சம் கோள் சொல்லும்.

விளிம்பில் சேறு பிதுங்கி ஒரு சிறு வரப்பு.
நடு விரலில் மெத்தை மெத்தையாக மூன்று தடம்.
குதிகால் பக்கம் லேசான சறுக்கல்,
எதையோ கேட்டுத் திடுமெனத் திரும்பியதுபோல.

"எவ்வளவு கோணல் பாருங்கள்!
உளி பிடித்தவன் இப்படிச் செய்வானா?"

செய்வான்.
நான் செய்கிறேன்.
மேல்வரிசையில் ஒரு பல்லை மயிரிழை திருப்பிவைப்பேன்,
இன்னொன்றில் காப்பிக் கறை ஏற்றுவேன்,
கல்யாண வீட்டில் அந்தம்மா சிரித்தால்
யாரும் உற்றுப் பார்க்கக் கூடாதே.
குறையைப்போல விலைபோகும் பொய் வேறில்லை.

பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஒற்றினேன்.
சாயம் ஏறவில்லை.
எந்த நிலம் என்றேன். சொந்தக் குவாரி என்று
பத்திரத்தை நீட்டினார், மடிப்பில் கிழிந்திருந்தது.

பிறகு கல்லை நிமிர்த்தச் சொன்னேன்.
இருவருமாகத் தூக்கினோம், அவர் இடுப்பு சொடக்கியது.
சுவரில் மாட்ட அழகாக இருக்கட்டுமென்று
யாரோ இடது விரலின் நுனியை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.
அந்தக் கொடுமைதான் எனக்கு உதவியது.
அறுத்த முகத்தில் தண்ணீர் தெளித்ததும்
அடுக்குகள் எழுந்து வந்தன, சீட்டுக்கட்டின் ஓரம்போல.

செதுக்கியிருந்தால் வெட்டுப்பட்டு நின்றிருக்கும்.
இவை வளைந்திருந்தன.
சுவடுக்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று,
விரல் வைத்து எண்ணினேன், ஏழு அடுக்கும் தொய்வு,
யாரோ எழுந்துபோன பழைய மெத்தையின் பள்ளம்.
எட்டாவதற்குச் சேதி எட்டவில்லை.

கனத்தை யாராலும் செதுக்க முடியாது.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.
டார்ச் கொஞ்சம் நகர்ந்தது.
வலது விரலின் உட்சுவரில்
அடுக்குகள் படிக்கட்டாக நின்றன,
அவற்றின் குறுக்கே சன்னமான கீறல்கள், ஒரே சாய்வில்.
என் மேஜையில் தினமும் பார்க்கிற கீறல்கள்.

"மூன்றாவது விரலை யார் தோண்டியது?"

டுகெட் போர்வையை மடித்தார்.
பிரித்து, மறுபடி மடித்தார்.
"என் மச்சான். அங்கே ஆழமே இல்லை.
ரெண்டு விரலை எவன் வாங்குவான் என்றான்."
"எப்போது?"
"கிறிஸ்துமஸுக்கு முன்னால்."

இருபது கோடி வருஷமும் மூன்று மாதமும்
ஒரே பாதத்தில்.

எழுநூறு என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.
ரசீதில் 'வலது விரல் மனிதக் கை' என்று
எழுதித் தரச் சொன்னேன். எழுதினார்.
போர்வை மட்டும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்.

முன் இருக்கையில் கல்லைக் கிடத்திக் கிளம்பினேன்.
ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து
பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே வந்தது.
இரண்டு மைல் பொறுத்தேன்.
பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி
அதற்குப் பெல்ட் மாட்டிவிட்டேன்.