அறுபத்தைந்து

சஸ்கட்டூனில் ஜனவரி.
வீட்டுக்குள் காற்றின் ஈரம் பதினெட்டு விழுக்காடு.
கதவுப்பிடியைத் தொட்டால் நீலமாய் ஒரு பொறி.
தலையணை உறையில் என் மூக்கிரத்தம்,
இரண்டு சொட்டு.

பெட்டிக்குள் மட்டும் அறுபத்தைந்து.

பதினான்கு நாள் பொட்டாஷ் சுரங்கம், பதினான்கு நாள் வீடு.
இவர் போகும்போது என்னிடம் ஒப்படைப்பது
பிள்ளைகளை அல்ல, அவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.
இருபத்துமூன்று சுருட்டுகளை.

கண்ணாடி மூடி வைத்ததுதான் வேண்டுமென்று நின்றார்.
கண்ணாடி விளிம்பால் ஈரம் கசியும் என்று
நான்தான் சொன்னேன், புகைக்காதவள்.
கடையில் ஒவ்வொரு மூடியாய்த் தூக்கி விரலை எடுத்தேன்.
ஒன்று மட்டும் டப்பென்று விழாமல்
மூச்சு விட்டபடி இறங்கியது.
இது, என்றேன்.

முதல் இரண்டு கிழமை அதற்குள் எதுவும் வைக்கவில்லை.
காய்ந்த செடார் சுருட்டிலிருந்தே குடித்துவிடும்.
ஒரு கிண்ணத்தில் வடித்த நீர்;
பலகை முதலில் தன் தாகம் தீர்க்கட்டும்.
குழாய்த் தண்ணீர் ஆகாது,
ஏனென்று கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும்.

ஊசி காட்டும் எண்ணையும் நம்பக்கூடாது.
போத்தல் மூடியில் உப்பு, நனையும் அளவு தண்ணீர்,
மீட்டரோடு ஒரு பையில் இறுக்கிக் கட்டி
ஓர் இரவு.
காலையில் எழுபத்தைந்து காட்ட வேண்டும்,
எண்பத்தொன்று காட்டியது.
ஆறு பொய்.
குளியலறைத் தராசைவிட யோக்கியம்.

மாதம் ஒருமுறை கீழே கிடப்பவை மேலே.
துளை ஏதுமுண்டா என்று விளக்கில் பிடித்துப் பார்ப்பேன்.
வண்டு வந்தால் ஃப்ரீசர், மூன்று நாள்,
மீன் துண்டுகளுக்குத் தள்ளி.

நேற்று உள்ளே போன கை
வெளியே வர மறுத்தது.
வெடித்த விரல்கணுக்கள்
அந்தச் சின்ன மழைக்காலத்தில் கிடந்தன, வெகுநேரம்.

பிறகு ஒன்றை எடுத்தேன்.

கராஜ். மைனஸ் முப்பத்தொன்று.
இவருடைய பழைய பார்க்கா.
நுனிக்குச் சமையலறைக் கத்தரிக்கோல்.
முதல் இழுவைக்கு இருமினேன்.
இரண்டாவதில் ஈர மரம், மிளகு, கொஞ்சம் கோப்பி.
மூன்றாவதில் எதையும் தேடவில்லை.
ஒரு பக்கமாய்ச் சாயாமல் எரிந்தது.
சாம்பல் ஓர் அங்குலம் உதிராமல் நின்றது.
பார், என்றேன் பனி அள்ளும் மெஷினிடம்,
நன்றாகத்தான் வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருபத்திரண்டையும்
இடைவெளி தெரியாமல் தள்ளி அடுக்கினேன்.

ஒன்பது மணிக்கு அழைப்பு.
"எத்தினை காட்டுது?"
"அறுபத்தஞ்சு."
"அப்பிடியே வைச்சிரு."

வைச்சிருக்கிறன், என்றேன்,
வாயிலிருந்து போனைக் கொஞ்சம்
தள்ளிப் பிடித்தபடி.