நாற்பத்தோராம் நம்பர் மரம்

ரத்தோட்டைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து
இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால்
ஏழாம் நம்பர் மலை.
கம்பெனிக் கணக்கில் அது செத்த மலை.
கொழுந்து கட்டவில்லை என்று
கவ்வாத்துக் கத்திகளை எண்ணி வாங்கிக்கொண்டு
பதினோரு வருசத்துக்கு முன் பூட்டிப் போனார்கள்.
பிறகு செனவிரத்ன ஐயா வாங்கி
காடாகட்டும் என்று விட்டிருக்கிறார்.
ஆறு அறை. சுடுதண்ணீர். சுவரில் தேவாங்குப் படம்.
அந்த அறைக்காசில்தான் என் சம்பளம்.

வருகிறவர்கள் ஆளுக்கொரு கன்று நட வேண்டும்.
குழியை முதல்நாளே நான் வெட்டி வைப்பேன்.
மண்வெட்டியைப் பிடிக்கிற விதத்திலேயே
இது என்ன உத்தியோகம் என்று சொல்லிவிடுவேன்.
அட்டை கடித்துச் சிலர் அழுவார்கள்.
நுழைவுச்சீட்டு என்பேன்,
சவர்க்காரத் துணியை நீட்டி.

நாற்பத்தொன்று ஹென்ரிக்குடையது.
டென்மார்க். நிலைப்படியில் தினமும் தலை இடிக்கும் உயரம்.
கீனாக் கன்றைக் குழியில் இறக்கி
அவர் மொழியில் அதனிடம் ஏதோ சொன்னார்.
அதைத் தையில் மரை தின்றது.
தகட்டை அவிழ்த்து இன்னொரு கன்றில் கட்டினேன்.
அது ஆவணி வெயிலில் கருகியது.
மூன்றாவதை முள்ளம்பன்றி.
நாலாவது நிற்கிறது.

ஒவ்வொரு ஜனவரியும் படம் பிடித்து அனுப்புவதும் என் வேலை:
"உங்கள் மரம் நலம்."
பொய் என்று சொல்ல முடியாது,
மரம் நலம்தான்.
"உங்கள்" என்கிற இடத்தில்தான் கொஞ்சம் கோளாறு.

இந்த வருசம் சொல்லாமல் வந்து நின்றார்,
கையில் பழைய படங்கள், ஒரு அளவு நாடா.
"போன வருசத்தை விடக் குட்டையாகிவிட்டதே?"
மரம் கீழ்நோக்கி வளரும் என்று
எப்படி நான் சமாளிக்க?
சொல்லிவிட்டேன்,
மரை, வெயில், முள்ளம்பன்றி, வரிசையாக.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
நான் ஆறாவது அறையின் வாடகையை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவரைக் கான் ஓரமாகக் கூட்டிப் போனேன்,
யாருக்கும் காட்டாத இடம்.
இடுப்புக்கு மேல் எழவிடாமல்
பதினெட்டு வருசம் நான் கிள்ளிய தேயிலை
மூன்று ஆள் உயரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.
தேயிலையும் மரம்தான் என்று
அங்கே நின்றுதான் எனக்கே தெரிந்தது.
அதன் நிழலில்
கொண்டைக்குருவி எச்சமிட்டு முளைத்த
காட்டு நாவல், காட்டுக் கறுவா,
இன்னும் பேர் தெரியாத ஏழெட்டு.
"இவற்றுக்கு என்ன நம்பர்?"
"நம்பர் இல்லை."

அப்போது பார்த்து, கீழ் லயத்து இருளாயி
விறகுக்கட்டோடு எதிரே வந்தாள்.
நான் எழுதிக்கொள்ள வேண்டும். அதுதான் சட்டம்.
"காய்ஞ்ச கொப்பா?"
"காய்ஞ்சதுதான்."
கட்டின் நடுவே ஒரு பச்சை இலை ஆடியது.
சமையல் காஸ் விலை எனக்கும் தெரியும்.
கொப்பியை நான் திறக்கவில்லை.

இன்னொரு கன்று நடுகிறேன் என்றார் ஹென்ரிக்.
வேண்டாம், நட்டது போதும்,
இந்த மானாப்புல்லைப் பிடுங்குங்கள்,
நாவலுக்கு மூச்சு முட்டுகிறது என்றேன்.
பகல் வரைக்கும் பிடுங்கினார்.
கையெல்லாம் கீறல், காதுக்குப் பின்னால் ஒரு அட்டை.
நிமிர்ந்து, எவ்வளவு தேறும் என்று கேட்டார்.

"அரைப்பேர்" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
கட்டை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்த இருளாயிதான்
புரையேறும்வரை சிரித்தாள்.