பதினாலாவது சுருள்

செவ்வாயும் வெள்ளியும்
காலை ஏழரைக்கு ஆசாரிப்பள்ளத்தில்
எங்களுக்குப் படம் உண்டு.
நாலு மணி நேரம்.
இடைவேளை கிடையாது, முறுக்கும் கிடையாது.
தண்ணி கேட்டால் ஷைனி சிஸ்டர்
மருந்து மூடியில் அளந்து தருவாள்.

ரத்தம் குழாய்க்குள் ஓடத் தொடங்கியதும்
தாசையன் ஆரம்பிப்பார். லாரி ஓட்டிய தொண்டை.
"பத்மஜோதிக்கு அந்தப் படத்துல சேலை என்ன கலரு?"
கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இந்தக் கேள்வி.
"மாம்பழ மஞ்சள்," என்பார் மீரான் பிள்ளை
கண்ணைத் திறக்காமலே.
"நீரு கூடப் போயி எடுத்துக் குடுத்தீரா வே?"
"வெளுப்பு விழுற விதத்துல தெரியும்லா ஓய்.
நமக்குத் துணிக்கடையாக்கும்."

நான் மூணாம் கட்டில், சொர்ணபாய்.
கருங்கல் அண்டியாபீசில் இருபத்தாறு வருஷம்
தோல் களைந்த விரல்.
மேஸ்திரி காதில் விழாமல்
ஒரு படத்தை ஒரு வாரத்துக்கு நீட்டத் தெரியும்.
நாகரத்தினம் சிரித்தால்
இடது கன்னம் மட்டும் சிரிக்கும்,
வலது கன்னம் கடன்காரனுக்குப் பதில் யோசிக்கும்
என்று சொன்னவள் நான்தான்.
இப்போது தாசையன் அதைத் தன்னுடையது என்கிறார்.

சண்டை வந்தது முடிவில்.
படகில் ஏறுகிறாள். கை காட்டுகிறாள்.
பிறகு?
"முங்கிச் சாவா."
"செத்தே போனா. தக்கலையில ஆறரை ஆட்டம்.
நான் அழுது மூக்கைச் சிந்துனது
முன்னால இருந்தவன் துண்டுல."
சாகவில்லை, என்றேன்.
கை காட்டினாள், சுபம் போட்டான், விளக்கு எரிந்தது.
திங்கள்சந்தைக் கொட்டகை, ஏழரை ஆட்டம்.
பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாமென்று
வீட்டில் போய்ச் சொன்ன ராத்திரி அது.
எனக்குத் தெரியாதா?

மூணு வாரம் இதே வழக்கு.
பிரஷர் ஏறுகிறதென்று ஷைனி
கட்டில்களுக்கு நடுவே திரையை இழுத்தாள்.
திரைக்குப் பின்னாலிருந்து வந்தது:
"முங்கினா."

ஒரு வெள்ளிக்கிழமை
ஒண்ணாம் கட்டிலுக்குப் புது ஆள். வறுவேல், முட்டம்.
ஊசி ஏறும்போது மாதாவைக் கூப்பிட்டார்,
அதற்கப்புறம் பேச்சில்லை.
பதினோரு மணி வாக்கில்
மோட்டைப் பார்த்தபடி சொன்னார்:
"அந்தப் பெட்டியைச் சைக்கிள்ல கொண்டு போனவன் நான்."

ஒரே பெட்டி, ரெண்டு கொட்டகை.
தக்கலையில் ஓடி முடிந்த சுருளை
இரணியல் வழியே திங்கள்சந்தைக்கு மிதிக்க வேண்டும்.
மறுபடி திரும்பி, மறுபடி மிதித்து.
பதினேழு வயசு. சுருளுக்கு எட்டணா.
"அண்ணைக்குக் கடைசிச் சுருள்.
இரணியல் எறக்கத்துல செயின் அறுந்துது.
மழையின்னா அப்பிடியொரு மழை.
சட்டையைக் கழட்டிப் பொதிஞ்சு வச்சுட்டு
பூட்டுன சாயாக்கடை எறப்புல நிண்ணேன்.
அங்க ஆளுவ விசிலடிக்க,
மேனேஜர் சுபம் கண்ணாடியை எடுத்து மாட்டிட்டாராம்.
எனக்கு அந்த வாரக் கூலி போச்சு."

மிஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
தாசையன் ஜெயித்தவர் மாதிரி இருமினார்.
நான் என் கையைப் பார்த்தேன்,
குழாய் வீங்கின இடது கையை.
அந்த மாப்பிள்ளை பேர்கூட நினைவில்லை.
மிட்டாலக்காட்டில் நாலு சென்ட் வாங்கினேன்,
என் பேரில்.
தங்கச்சி மகனைப் படிக்க வைத்தேன்.
தனியாக எத்தனை படம் பார்த்தேன்,
யாரிடமும் கேட்காமல்.
ஒரு செயின்.
அம்மாண, ஒரு சைக்கிள் செயின்.

"பாத்தீரா வறுவேல், முங்கினாதானே?" என்றார் மீரான் பிள்ளை.
"எனக்கு எப்பிடித் தெரியும்?
பதினாலையும் சுமந்தேன்,
ஒண்ணைக்கூட உக்காந்து பாத்ததில்ல.
கதை என்னம்மா?"

இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.
தாசையன் வாயைத் திறந்தார்.
மீரான் பிள்ளை விரலைத் தூக்கி அடக்கினார்,
முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து.

ஒரு வீடு, என்று தொடங்கினேன்.
மாடியில் ஒருத்தி தலை உலர்த்துகிறாள்.
சேலை
மாம்பழ மஞ்சள்.